முத்தம்மாவின் வீட்டு எண்ணும் முப்பத்திரண்டு எம்.பி. மெமரியும்

நாள் 14.02.2000, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி.

என் பெயர் ஜெயலக்ஷ்மி. வயது 39. கணவர் பெயர் ரகுராம், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். குடியிருப்பது பெங்களூர் ஆஸ்டின் டவுன், நான்காவது குறுக்குத் தெரு, கதவு எண் 31. அதே வீட்டின் முன்னறையில் பதினாறு வருடமாகத் தட்டச்சுக் கடை நடத்தி வருகிறேன். கடைசி நான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். எனக்குக் கன்னடம் பேசவும் படிக்கவும் தெரியும். ஆனால் கோபத்திலும் வருத்தத்திலும் எனக்குத் தமிழ்தான் வரும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன், அனுமதி கொடுத்தார்கள். தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் சந்திரசேகரன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

என் மேல் உள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆடுகோடி பக்கம் சுண்ணாம்புக் கால்வாய் ஓரம் இருந்த குடிசைப் பகுதியின் சங்கச் செயலாளர் இராஜமாணிக்கம் கொடுத்த புகார் அது. அங்கிருந்த 312 குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்குவதற்காக நான் தயாரித்துக் கொடுத்த பட்டியலில், வெளியாட்களிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு 23 குடும்பங்களின் குடிசை எண்களை வேண்டுமென்றே மாற்றினேன் என்றும், அதனால் அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எண்கள் மாறியது உண்மை. அவர்களுக்கு வீடு கிடைக்காததும் உண்மை. நான் வேண்டுமென்று மாற்றினேன் என்பதும், யாரிடமோ வாங்கினேன் என்பதும் பொய்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் முதல் வகுப்பில் தேறியவள் நான். என் தாளைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் வக்கீல்கள் எங்கள் பக்கத்தில் ஐந்தாறு பேர் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் கடையிலிருந்து பிழையோடு ஒரு தாள் வெளியே போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் இதை ஒரு வியாதி என்பார்.

போன செப்டம்பர் கடைசியில் இராஜமாணிக்கம் என் கடைக்கு வந்தார். வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் குடும்பப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள், குடிசைகளுக்குச் சங்கமே எண் போட்டுக்கொள்ள வேண்டும், குடும்பத் தலைவர் பெயர், குடிசை எண், ரேஷன் கார்டு விவரம், போட்டோ ஆகியவற்றை ஆங்கில அகர வரிசைப்படி அச்சடித்து அக்டோபர் 21-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், அதன் பிறகு சேர்ப்பதோ திருத்துவதோ கிடையாது என்று சொன்னார். வேலையை ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு சங்கத்துக்காரர்கள் தார் வாளியும் தூரிகையுமாகப் போய் ஒவ்வொரு குடிசையின் கதவிலும் ஒன்று முதல் 312 வரை எண் எழுதினார்கள். அந்த எண்களை யாரும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கவில்லை. கதவில் இருக்கிறதே, அதற்கு மேல் நோட்டு எதற்கு என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு அக்டோபர் 4 முதல் 14 வரை இராஜமாணிக்கம் நாளொன்றுக்கு முப்பது பேராக அழைத்து வந்தார். ஒவ்வொருவரும் ரேஷன் கார்டைக் காட்டி, தங்கள் குடிசை எண்ணை வாயால் சொன்னார்கள். சிலர் மறந்துவிடும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் நேராகக் கம்ப்யூட்டரில் அடித்தேன்.

முத்தம்மா என்பவர் வயது சுமார் 58, கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் தெரு முனையில் உள்ள மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர், அதனால் முன்பிருந்தே எனக்குத் தெரியும். கால்வாய் ஓரத்தில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவர். அவருடைய குடிசை எண் 213. அவருக்கு எண்களைப் படிக்கத் தெரியாது என்பதால் வாய்ப்பாடு மாதிரி நடந்தபடியே சொல்லிச் சொல்லிப் பழகினார். அதைக் கேட்டு மெஸ்ஸில் அவரை "இருநூத்திப் பதிமூணு" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்த எண்ணைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மற்ற 22 எண்களும் எனக்கு நினைவில்லை, அந்த ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

அக்டோபர் 16, சனிக்கிழமை, போட்டோ இல்லாமல் முழுப் பட்டியலையும் அச்சடித்தேன். இராஜமாணிக்கமும் சங்கத்தைச் சேர்ந்த இன்னும் இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து, நான் பெயரும் எண்ணும் படிக்க, அவர்கள் சரி சொல்ல, மூன்று முறை ஒப்பிட்டோம். நான்கு இடத்தில் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். எண்ணில் ஒரு பிழையும் இல்லை. இதை அன்றைக்கு ஒப்புக்கொண்ட இராஜமாணிக்கம் இப்போது அப்படி ஓர் ஒப்பீடே நடக்கவில்லை என்கிறார். அவருக்கும் அங்கே மனிதர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது, அது எனக்குப் புரிகிறது, ஆனாலும் அது பொய்.

அதன் பிறகு போட்டோக்களை ஸ்கேன் செய்து பட்டியலில் சேர்க்கத் தொடங்கினேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது பதினாறு எம்.பி. மெமரி. தட்டச்சு வேலைக்கு அது தாராளம். ஆனால் போட்டோ சேரச் சேர அது மூச்சு வாங்கியது. மூன்றாவது பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது, அணைத்துப் போட்டால் மறுபடியும் மூன்றாவது பக்கத்தில் நின்றது. அதனால் ஆடுகோடியில் கடை வைத்திருக்கும் முனிராஜ் என்பவரைக் கூப்பிட்டேன். வயது நாற்பதுக்கு மேல், முன்பு டி.வி. ரிப்பேர், இப்போது கம்ப்யூட்டர், என் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான். மெமரி போதவில்லை, இன்னும் முப்பத்திரண்டு சேர்த்தால் ஓடும் என்றார். மெமரி தயாராகும் தைவானில் பூகம்பம் வந்ததிலிருந்து, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் புது மெமரி கண்ணில் படுவதில்லை என்றும், தன் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வருடமாகக் குறையில்லாமல் ஓடுகிற ஸ்டிக்கையே கழற்றித் தருவதாகவும் சொன்னார். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மாலை கொண்டுவந்து கொடுத்தார். விரல் நீளத்தில் பச்சைத் தகடு, ஒரு ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் மெல்லிய பட்டைகள். மறுநாள் ஆயுத பூஜை, அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்பதால் செவ்வாய்க்கிழமை வந்து மாட்டிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

18-ஆம் தேதி திங்கட்கிழமை ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், பிரிண்டர், பழைய தட்டச்சு இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். முத்தம்மா மெஸ் வேலை முடிந்து ஒரு முழம் சாமந்தியோடு வந்தார். கம்ப்யூட்டருக்கு வைக்க வேண்டும் என்றார். எதற்கு உனக்கு வீண் செலவு என்று கேட்டேன்.

"என் வூடு அதுக்குள்ளதானே கண்ணு இருக்குது" என்றார்.

பூவை அவரே மானிட்டர் மேல் வைத்தார். அவர் போன பிறகு மெமரி ஸ்டிக்கைப் பூஜைத் தட்டில் வைத்தேன். எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும், புடவையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் எடுப்போம். அதே பழக்கத்தில் குழைத்த மஞ்சளைத் தொட்டு ஸ்டிக்கின் நான்கு மூலையிலும் வைத்தேன். மேலே இரண்டு மூலை, கீழே இரண்டு மூலை. கீழே உள்ள இரண்டு மூலையும் அந்தத் தங்கப் பட்டைகளின் மேல் விழுந்தன. இதை யாரும் சொல்லி நான் செய்யவில்லை. நானாகவே செய்தேன், பக்தியோடும் செய்தேன்.

19-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, விஜயதசமி, காலை பதினொரு மணிக்கு முனிராஜ் வந்தார். எமகண்டம் முடிந்த பிறகு வரச் சொன்னதும் நான்தான். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அக்கா, அந்தப் பட்டையில வெரல்கூடப் படக் கூடாது. நீங்க மஞ்சள் காப்பே போட்டு வெச்சிருக்கீங்களே."

அதன் பிறகு பனியன் துணியால் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். பளிச்சென்று இருந்தது. மாட்டி ஓடவிட்டார். திரையில் மெமரி எண்ணப்பட்டு முழுக் கணக்கும் சரியாக வந்தது. அவர் அதோடு திருப்தி அடையவில்லை. சோதனை பிளாப்பி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஒரு நாள் பூராவும் ஓடவிட்டுப் பார்த்துவிடலாம், அதுவரை வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்றார். நான் முடியாது என்றேன். கையில் இருப்பது இரண்டு நாள், இன்னும் 280 போட்டோ சேர்க்க வேண்டும், உங்கள் சோதனையை ஐப்பசி முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மறுபடியும் ஒரு முறை சொன்னார். நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முனிராஜ் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் அருமையாக ஓடியது. செவ்வாயும் புதனும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் எல்லாப் போட்டோவையும் சேர்த்து அகர வரிசைப்படுத்தினேன். இடையில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. கேட்கப்படாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சில போட்டோக்களில் கன்னத்திலும் நெற்றியிலும் சிறு புள்ளிகள் இருந்தன. ஸ்கேனர் கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். இரண்டு, சனிக்கிழமை திருத்தி முடித்த பெயர்களில் மறுபடியும் அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவசரத்தில் நான்தான் எதையோ தட்டிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு திருத்தினேன். மூன்று, இரண்டு இடத்தில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி போன்ற ஒரு குறி இருந்தது. அதையும் அழித்து எட்டு அடித்தேன். மூன்று முறை கதவைத் தட்டிச் சொன்ன மாதிரி கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. பெயர் தப்பானால் பார்த்ததும் தெரியும். எண் தப்பானால் தெரியாது, ஏனென்றால் தப்பான எண்ணும் ஓர் எண்தான். பட்டியல் எண் வரிசையில் இருந்திருந்தால் 212-க்கு அடுத்து 253 வந்து உறுத்தியிருக்கும். அகர வரிசையில் எல்லா எண்ணும் கலைந்து கிடந்ததால் எதுவும் உறுத்தவில்லை.

எண்களை மறுபடி ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்கப்பட்டது. சனிக்கிழமை மூன்று முறை ஒப்பிட்டாகிவிட்டது, அதன் பிறகு எண்களை நான் தொடவே இல்லை. தொடாத ஒன்று தானாக மாறும் என்று பதினாறு வருடத்தில் எனக்குத் தோன்றியதில்லை. தட்டச்சு இயந்திரத்தில் அடித்த எழுத்து அடித்தபடியே கிடக்கும்.

சனிக்கிழமை அடித்த பிரதி எங்கே என்று கேட்கப்பட்டது. கிழித்துவிட்டேன். இறுதிப் பிரதி வந்தவுடன் பழைய பிரதியைக் கிழித்துவிடுவது என் வழக்கம். இரண்டு பிரதி இருந்தால் எது சரி என்ற குழப்பம் வரும், எத்தனையோ வக்கீல் அலுவலகங்களில் அந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். பிளாப்பியிலும் அப்படித்தான். பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை ஏற்றினேன். இந்த ஒழுங்கை நான் யாரிடமும் கற்கவில்லை, நானே வகுத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த ஒழுங்கால்தான் என் கையில் ஒரு சாட்சியும் இல்லை.

21-ஆம் தேதி வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு இராஜமாணிக்கம் வந்து பட்டியலை வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் சங்கத்தின் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பக்கத்தையும் படிக்கவில்லை. ஜெயலக்ஷ்மியம்மா அடித்தது, இதைப் படிக்க வேறு வேண்டுமா என்று சொன்னார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. நாலே முக்காலுக்குப் பட்டியல் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதாக போனில் சொன்னார்.

அதன் பிறகு டிசம்பர் 13-ஆம் தேதி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பட்டியலோடு குடிசைப் பகுதிக்கு வந்தார்கள். கதவில் உள்ள எண் பட்டியலில் இருந்தால் சுண்ணாம்பால் ஒரு டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. பட்டியலில் இல்லாத எண் என்றால் பட்டியல் கொடுத்த பிறகு போட்ட குடிசை என்று அர்த்தம் என்றார்கள். 213 என்ற எண் பட்டியலில் இல்லை. முத்தம்மாவின் பெயர் 253 என்ற எண்ணுக்கு எதிரில் இருந்தது. 253-இல் நரேஷ் என்பவர் மனைவி வீணாவோடும் இரண்டு குழந்தைகளோடும் உண்மையிலேயே குடியிருந்தார், அவர் பெயரும் அதே எண்ணில் இருந்தது. ஓர் எண்ணில் இரண்டு பெயர் இருந்தால் அதில் ஒன்று போலி, எது போலி என்று தெரியாததால் இரண்டையும் ஒதுக்கி வைக்கிறோம் என்றார்கள். 301-இல் இருந்தவர்கள் பட்டியலில் 701 ஆகியிருந்தார்கள். அங்கே 701 என்று ஒரு குடிசையே கிடையாது. இப்படி மொத்தம் 23 எண்கள் மாறியிருந்தன, மாறிய எண்ணில் உண்மையாகவே இருந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து சிக்கினார்கள்.

அன்று பிற்பகலே செய்தி எனக்கு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முத்தம்மா, 253. என் கடையில், என் கம்ப்யூட்டரில், என் பட்டியலில். அதன் பிறகு பெருக்கல் குறி விழுந்தவர்களிடம் கதவு எண்ணைக் கேட்டு, மாறிய எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். மாறிய இடங்களில் பூஜ்யம் நான்காகி இருந்தது. ஒன்று ஐந்தாகி இருந்தது, இரண்டு ஆறாகி இருந்தது, மூன்று ஏழாகி இருந்தது. ஓர் இடத்தில்கூடக் குறையவில்லை, எல்லா இடத்திலும் சரியாக நான்கு கூடியிருந்தது.

மறுநாள் முனிராஜ் வந்து ஸ்டிக்கைக் கழற்றினார். தங்கப் பட்டையின் ஒரு கோடியில், துடைத்த இடத்துக்கு உள்ளே, மெல்லிய மஞ்சள் பொருக்கு காய்ந்து பிடித்திருந்தது. அவர் எனக்கு விளக்கினார். உள்ளே ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் எட்டுக் கம்பிகளில் போகுமாம். அதில் ஒரு கம்பிக்கு மதிப்பு நான்கு. அந்தக் கம்பியின் பட்டையில் மஞ்சள் காய்ந்திருந்தால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், கிடைக்காத நேரத்தில் இல்லாத நான்கு இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். எப்போதும் அல்ல, எப்போதாவது. ஏற்கனவே தனக்குள் நான்கு இருக்கிற எண்கள், அதாவது நான்கு முதல் ஏழு வரை, மாறாது; எட்டோடு நான்கு சேர்ந்தால் அது எண்ணாக இல்லாமல் கொக்கிக் குறியாகிவிடும். எல்லாம் பொருந்தியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கறையை முதலில் எடுங்கள், என் கண் முன்னால் இருக்கக் கூடாது என்று கத்தினேன். அவர் ரப்பரால் தேய்த்துச் சுத்தமாக எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இந்தப் புகார் வந்து, மஞ்சள் எங்கே காட்டு என்று கேட்கப்பட்டபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு டிசம்பர் 16, 20, 27 ஆகிய தேதிகளிலும் ஜனவரியில் நான்கு முறையும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பிழை என்னுடையது, கம்ப்யூட்டரில் மெமரி சேர்த்தபோது நடந்தது, மக்கள் மேல் தப்பில்லை என்று மனு எழுதிக் கொடுத்தேன். திருத்திய பட்டியலையும் கொடுத்தேன். தேதி முடிந்துவிட்டது, முத்திரையிட்ட பட்டியலில் கை வைக்க முடியாது என்றார்கள். பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மெமரி என்றால் ஞாபகம்தானே, கம்ப்யூட்டருக்கு ஞாபகம் கூடினால் எண் எப்படியம்மா தப்பாகும் என்று அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஜனவரி 24-ஆம் தேதி காலை புல்டோசர் வந்தது. டிக் போட்ட குடிசைக்காரர்கள் முந்தைய வாரமே புது வீட்டுக்குச் சாமான் ஏற்றிப் போய்விட்டார்கள். நான் அங்கே போயிருந்தேன். என்னை யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் என்று போனேன், யாரும் அடிக்கவில்லை. முத்தம்மா பாத்திரங்களையும் துணி மூட்டையையும் வெளியே வைத்துவிட்டு, கடைசியாகத் தகரக் கதவைக் கீலோடு பிடுங்கி எடுத்தார். அதன் பிறகு அந்தக் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன், கதவு ஏறாது என்றார். நானும் கூட நடந்தேன். வழியில் அவர் என்னைத் திட்டவில்லை. அலுவலக வாசலில் கதவைச் சுவரோரம் நிறுத்தி, தாரில் எழுதிய எண்ணைக் காட்டினார். வாசலில் இருந்த காவலாளி, தார் யார் வேண்டுமானாலும் பூசலாம், உள்ளே கொண்டுபோக முடியாது என்று சொன்னார். மதியம் வரை நின்றோம். அதன் பிறகு அவர் கதவைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

இப்போது முத்தம்மா கால்வாயின் மறுகரையில், சுவருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் இருக்கிறார். கதவைச் சாய்த்துக் கூரையாக்கியிருக்கிறார். என் வீட்டுக்கு வரச் சொன்னேன், மூன்று முறை சொன்னேன், வரவில்லை. அங்கே இல்லாவிட்டால் அங்கே குடியிருந்தவள் இல்லை என்று ஆகிவிடுமாம். மெஸ்ஸுக்கு வரும்போது இப்போதும் என் கடை வழியாகத்தான் போகிறார். ஒரு நாள் உள்ளே வந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு நம்பர்தானே கண்ணு. நல்லாத்தானே ஓடுது. இன்னொருக்கா அடிச்சுக் குடேன்."

அடித்துக் கொடுத்தேன். சரியான எண்ணோடு, போட்டோவோடு, நல்ல தாளில். அது எதற்கும் உதவாது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அதை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறார். இதையும் புகாரில் சேர்த்து, நான் பொய்ப் பட்டியல் அடித்துக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளை அடித்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா என்னிடம் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டார். தப்பு என்றால் கன்னாபின்னாவென்று வரும், இங்கே ஒவ்வொன்றிலும் சரியாக நான்கு கூடியிருக்கிறது, இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வருமா, திட்டம் போட்டவர்தானே இப்படிச் செய்வார் என்று கேட்டார். நான்கு கூடியிருப்பதுதான் நான் செய்யவில்லை என்பதற்கு அடையாளம் என்று சொன்னேன். மாறிய எண்களை எழுதிய தாளை அவரிடம் கொடுத்ததே நான்தான். அதை இப்போது என் மேல் உள்ள முதல் ஆதாரமாகச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். கம்ப்யூட்டரும் மெமரியும் பிளாப்பியும் இந்த மாதம் 9-ஆம் தேதி கைப்பற்றப்பட்டு, துணியில் கட்டி அரக்கு முத்திரை வைக்கப்பட்டன. அவற்றைப் பரிசோதிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பரிசோதித்தாலும் சுத்தமான ஸ்டிக்தான் இருக்கும்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. எனக்கு என்ன தண்டனை வந்தாலும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த 23 பேரும் மற்றவர்களும் போலி இல்லை, முத்தம்மா போலி இல்லை, அவர் 213-ஆம் எண் குடிசையில் இருபத்திரண்டு வருடம் இருந்தார் என்பதை ஓர் அரசாங்கத் தாளிலாவது எழுதி வைக்க வேண்டும். அது போதும் என்று சொன்னேன்.

அதன் பிறகு மேலே எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது இறுதியில் சாட்சிகள் விவரம் என்ற பகுதியில் "சுண்ணாம்புக் கால்வாய் 253-ஆம் எண் முத்தம்மா" என்று இருந்தது. 213 என்று திருத்தச் சொன்னேன். தலைமைக் காவலர் புகாரை எடுத்துக் காட்டினார். அலுவலகப் பட்டியலைப் பார்த்துப் புகார் எழுதியதால் அதிலும் 253, முதல் தகவல் அறிக்கையிலும் 253, முத்தம்மாவிடம் வாங்கிய கைநாட்டுக்கு மேலேயும் 253.

"நான் இங்க மாத்தி எழுதினா கோர்ட்ல இது வேற முத்தம்மான்னு ஆயிடும்மா. அப்புறம் அந்தம்மா கேஸும் நிக்காது, உங்க ஸ்டேட்மென்ட்டும் நிக்காது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அதன் பிறகு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. இதில் உள்ளது முழுவதும் நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது. முழுவதையும் கேட்டேன், சாட்சிகள் விவரத்தில் உள்ள 253 என்ற எண்ணும் சேர்த்து அனைத்தும் உண்மை, பிழை ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ர. ஜெயலக்ஷ்மி

என் முன்னிலையில் பதிவு செய்து வாசித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) சந்திரசேகரன், தலைமைக் காவலர்